இஸ்திரி போட்ட உயில்

பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் போட்ட பிறகு மூச்சு விட மட்டும் இடம் மிஞ்சுகிற அறை ஒன்று உண்டு. வாசல் பலகையில் ‘பத்திர எழுத்தர்’ என்று எழுதியிருக்கும். ஆனால் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகத்துக்கு முன்னால் ஐயா. முதுகு திரும்பினால் மேற்படியார். நாற்பது வருஷம் பத்திர நடையிலேயே புழங்கியதில் அவருக்கு நாக்கே அப்படிப் படிந்துபோயிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால், “மேற்படி கறியில உப்பு கம்மி” என்பார். சட்டையை உதறிப் பார்த்துவிட்டு, “மேற்படி சட்டைக்கு ரெண்டாவது பொத்தானைக் காணோம். அதன் விவரம் யாருக்காவது தெரியுமா?” என்று கேட்பார். மனைவி இருந்தவரை, “தெரியாது, நாலு எல்லையும் தேடிப் பாருங்க” என்று பதில் வரும். அவள் போன பிறகு பொத்தானைத் தைத்துக் கொடுத்தது சின்னவள்.

சின்னவள் அவருடைய இளைய மகள். கல்யாணமாகி ஒன்பதாவது மாதம் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அப்பா காரணம் எதுவும் கேட்கவில்லை. “டைப் அடிக்கத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றாள். அன்று மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவள், இருபத்திரண்டு வருஷமாக அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தாள். வீடு, நிலம், கடை, கிணற்றில் பாதி என்று ஊரார் சொத்தெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் கைமாறியது.

வயதானவர்கள் யாராவது வந்து பிள்ளைகள் பேச்சை எடுத்தால் போதும், மேற்படியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

“உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேணாம்யா. வெள்ளைத்தாள், உங்க கையெழுத்து, ரெண்டு சாட்சி. முடிஞ்சுது. பேங்குக் கணக்குல நம்பிக்கையான ஆள் ஒருத்தர் பேரையும் சேர்த்து வச்சிடுங்க. நாளைக்கு நீங்க படுத்துட்டா மருந்து வாங்கப் பணம் எடுக்கணும்ல?”

“இப்ப என்னங்க அவசரம்? கல்லு மாதிரி இருக்கேன்.”

“நல்லா இருக்கறவன் எழுதினா அது உயிலு. படுத்துக்கிட்டு எழுதினா அது வழக்குய்யா.”

இதைச் சொல்லிவிட்டு, வந்தவர் அசந்துபோனாரா என்று பார்ப்பார். பெரும்பாலும் அசந்துபோவார்கள். உடனே சின்னவள் அடிப்பாள், அவர் எழுந்து வாசலுக்குப் போய், “ரெண்டு பேரும் வாங்கய்யா” என்று குரல் கொடுப்பார்.

அந்த ரெண்டு பேரில் ஒருவர், அறைக்கு ஐந்தடி தள்ளி மரத்தடியில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர். இன்னொருவர் அதற்கு அடுத்த டீக்கடைக்காரர். ஊர் இவர்களை முதல் சாட்சி, ரெண்டாம் சாட்சி என்றே அழைத்தது. “முதல் சாட்சி, என் சட்டை ஆச்சா?” “ரெண்டாம் சாட்சி, சக்கரை கம்மியா ஒண்ணு.” இஸ்திரிக்காரர் காதில் எப்போதும் ஒரு பேனா சொருகியிருக்கும். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, நின்றபடியே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். படித்துப் பார்க்க மாட்டார். “நான் கையெழுத்துக்குத்தான் சாட்சி, சங்கதிக்கு இல்ல” என்பார். பாதி ஊரின் சொத்துக்குச் சாட்சியான அந்த மனிதர் குடியிருந்தது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில்.

மனைவி இறந்த வருஷம் மேற்படியார் தம் உயிலை எழுத ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் அரைமணி நேரத்தில் முடிக்கிற காரியம், தமக்கென்று வந்தபோது மூன்று வருஷம் பிடித்தது.

சங்கதி ஒரு வரிதான். மூத்தவனை நிலத்தை விற்றுப் படிக்க வைத்தாயிற்று, பெரியவளுக்குக் கல்யாணத்தில் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, ஆகவே குடியிருக்கும் மாடி வீடு இளைய மகளுக்கு. இது முதல் பிரதியிலிருந்து பதினேழாம் பிரதிவரை ஒரு தடவைகூட மாறவில்லை. மாறியதெல்லாம் மற்றவை. ‘இவ்வுலகில் தோன்றிய யாவும் ஒருநாள் மறையும் என்பதை ஐயந்திரிபற உணர்ந்து’ என்று ஆரம்பித்து ஆறு வரிக்கு முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரு முன்னுரை. அதில் ‘ஐயந்திரிபற’ என்பது ஒரு மாதம் ‘நன்கு’ ஆகி, மறு மாதம் திரும்பவும் ‘ஐயந்திரிபற’ ஆனது.

“‘அன்பு மகள்’னு இருக்கா? அதை ‘ஆருயிர் மகள்’னு மாத்தும்மா.”

மாற்றினாள்.

“ம்ஹூம். ‘ஆருயிர்’ கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கு. ‘அருமை மகள்’னு போடு.”

போட்டாள். தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்பதே தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு அடித்தாள்.

‘கையெழுத்தைப் போட்டுடுங்கப்பா’ என்ற பேச்சு எத்தனையோ தடவை தொண்டைவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வீடு வருவது தனக்கு. தானே எப்படிக் கேட்பது? அப்பா சாவதற்குக் காத்திருக்கிறாள் என்று ஆகிவிடாதா? ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தாள்.

“அப்பா, இது போதும்ல?”

“எது போதும்?”

“இல்ல... பக்கம். மூணு பக்கம் போதும்லன்னு கேட்டேன்.”

“நாலு வந்தாலும் தப்பில்ல” என்றார் அவர்.

இதற்கு நடுவில் சாட்சி விவகாரம். ஒரு சாயங்காலம், கதவு திறந்திருக்க, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவராகவே ஆரம்பித்தார்.

“என் உயிலுக்கு யாரைப் போடறதுன்னு யோசிக்கறேன். இஸ்திரிக்காரனையும் டீக்கடைக்காரனையுமா போட முடியும்? நாளைக்கு ஒரு கோர்ட்டுல எடுத்துப் படிச்சா, ஊருக்கே எழுதினவன் உயிலுக்குச் சாட்சி யாருன்னு பாக்க மாட்டாங்க? சிரிக்க மாட்டாங்க?”

“மெதுவாப் பேசுங்கப்பா.”

“என்ன மெதுவா? உள்ளதைத்தானே சொல்றேன்.”

வெளியே இஸ்திரிப் பெட்டி துணிமேல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. சின்னவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் அது இன்னும் மோசம் என்று தோன்றியது.

கடைசியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரையும், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவரையும் மேற்படியார் தேர்ந்தெடுத்தார். அவர்கள் ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான். நீதிபதி பதினைந்தாம் பிரதியை வாங்கிக்கொண்டு போய் மூன்று வாரம் வைத்திருந்து, மூன்று காற்புள்ளி சேர்த்துத் திருப்பி அனுப்பினார். முதல்வரோ ‘அருமை’ என்பதற்குப் பதில் ‘பேரருமை’ என்று போட்டால் நன்றாயிருக்குமே என்றார். இரண்டையும் மேற்படியார் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். ஆனால் இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து உட்கார வேண்டுமே! ஒரு புதன்கிழமை நீதிபதிக்கு முழங்கால் வலி. அடுத்த புதன் முதல்வருக்கு எங்கேயோ பரிசளிப்பு. அதற்கடுத்த புதன் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல். ஒவ்வொரு புதனுக்கும் சின்னவள் நாற்காலிகளைக் கழுவிக் காயவைத்தாள். டப்பாவில் பிஸ்கட் நிரப்பினாள். வியாழக்கிழமை அதை இஸ்திரிக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் கொடுத்தாள்.

“நீதிபதி பிஸ்கட்டா பாப்பா? நல்லா மொறுமொறுன்னு இருக்கு” என்பார் டீக்கடைக்காரர். இஸ்திரிக்காரர் எதுவும் சொல்லாமல் வாங்கி வண்டித் தட்டின் கீழே வைத்துக்கொள்வார்.

ஒருவழியாக ஒரு புதன் உறுதியானது. செவ்வாய்க்கிழமை காலை, முகத்தில் பாதி சவரம் ஆகியிருந்தபோது, மேற்படியார் கண்ணாடிக்கு முன்னால் சரிந்து விழுந்தார்.

வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஒன்பதாம் நாள் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு அசைந்தது. சின்னவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

“மேற்படி” என்றார்.

“என்னப்பா? தண்ணியா?”

“மேற்படி.”

மூளையில் பேச்சு இருக்கும் இடம் அடிபட்டால் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும் என்று டாக்டர் விளக்கினார். எந்தச் சொல் மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். இவர் விஷயத்தில் ஊரே சொல்லியிருக்கும்.

மூத்தவன் தொலைவில் ஒரு பெரிய கம்பெனியில் மேலாளர். எதையும் ‘முறைப்படி’ என்று சேர்த்துத்தான் சொல்வான். பெரியவள் பாசக்காரி, வந்ததும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுது முடித்ததும் மாடி அறைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். அப்பாவின் கணக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் எடுக்கப் போன சின்னவளை, அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று பேங்கில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் சொன்னதைத் தம் கணக்கில் மேற்படியார் செய்யவில்லை.

சின்னவள் பதினேழாம் பிரதியை எடுத்து வந்து அண்ணன் முன்னால் வைத்தாள். அவன் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தான்.

“கையெழுத்து?”

“புதன்கிழமை போடறதா இருந்தார்ண்ணா.”

“இதை யாரு டைப் பண்ணினது?”

“நான்தான்.”

“அதான் பாத்தேன்” என்று தாளை மடித்தான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

“இப்பவும் கைரேகை வச்சாச் செல்லும்ணா. டாக்டர், நினைவு சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாப் போதும். அப்பாவே எத்தனை பேருக்கு அப்படிச் செஞ்சிருக்கார்.”

“நல்லது. முறைப்படி கேட்போம். நான் குறுக்க நிக்கலை.”

டாக்டர் வீட்டுக்கு வந்தார். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று சின்னவள் யோசிக்கவே இல்லை. மரத்தடிக்கே போய்க் குரல் கொடுத்தாள். இஸ்திரிக்காரரும் டீக்கடைக்காரரும் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலருகே சுவரோரம் நின்றார்கள். மேற்படியார் அவர்களைப் பார்த்தார். பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஐயா, உங்க பேர் என்ன?”

“மேற்படி.”

“இது யாரு?” டாக்டர் சின்னவளைக் காட்டினார்.

அவர் அவளையே பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. “மேற்படி” என்றார், ‘பேரருமை மகள்’ என்பதைச் சொல்கிற குரலில் சொன்னார்.

“எல்லாத்துக்கும் அதே பதில்தான் டாக்டர்” என்றான் மூத்தவன்.

“பரவாயில்ல. ஐயா, நீங்க பேச வேணாம். சரின்னா தலையை ஆட்டுங்க. இந்த வீடு உங்க சின்ன மகளுக்கா?”

தலை ஆடியது. சின்னவள் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“நான் ஒண்ணு கேக்கலாமா டாக்டர்?” என்றான் மூத்தவன். “அப்பா, இந்த வீடு எனக்கா?”

தலை ஆடியது.

“எனக்காப்பா?” என்றாள் பெரியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஆடியது.

“இந்த டாக்டருக்கா?” என்றான் மூத்தவன்.

அதற்கும் ஆடியது. யாரும் சிரிக்கவில்லை. மூத்தவன் கட்டில் பக்கம் குனிந்து இன்னொன்று கேட்க வாயைத் திறந்தான்.

“போதும்ணா” என்றாள் சின்னவள். “அவரை விட்டுடு. எனக்கு ஒண்ணும் வேணாம்.”

டாக்டர் பையை மூடினார். வாசல்வரை வந்த சின்னவளிடம், “அவருக்கு எல்லாம் புரியுதுன்னுதாம்மா எனக்குத் தோணுது. ஆனா தோணுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட முடியாதே” என்றார்.

அதன் பிறகு மேற்படியார் பதினோரு மாதம் இருந்தார். அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்பினான். அக்கா வாரம் தவறாமல் போனில் அழுதாள். சின்னவள் விடியற்காலையில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்து, உடம்பைத் துடைத்து, குழைந்த சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவைக் காவல் வைத்து, பத்து மணிக்கு அறையைத் திறந்தாள். ஒரு மணிக்கு ஓடிவந்து படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுத் திரும்ப ஓடினாள்.

ஒருநாள் டீக்கடைக்காரர் அறைக்குள் தலையை நீட்டி, அக்கம்பக்கம் பார்த்தார்.

“பாப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. தேதியை அந்தச் செவ்வாய்க்கு முன்னாடி போட்டுடு. ஐயாவோட கட்டைவிரலைப் பிடிச்சு ஒரு ஒத்து. கை நடுக்கம், அதான் ரேகைன்னு சொல்லிக்கலாம். நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்னு போட்டுடறோம். யாரு கேக்கப் போறா?”

“அப்பா அப்படி ஒரு பத்திரம் எழுதினதில்லண்ணே.”

“அவரு எழுதல. அதான் நீ இந்தப் பாடு படறே.”

அன்று மதியம் வீட்டுக்குப் போகும்போது அவள் கைப்பையில் மைப்பெட்டி இருந்தது. எப்போது எடுத்து வைத்தோம் என்று அவளுக்கே நினைவில்லை. சாப்பாடு ஊட்டி, வாயைத் துடைத்து, அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மைப்பெட்டியைத் திறந்தாள். கட்டைவிரலைப் பிரிக்கப் போனபோது, அந்தக் கை முஷ்டியாக மூடிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தாள். கோணிய வாய் நடுங்கியது.

“மேற்படி!” என்றார். தப்பாக எல்லை அடித்த நாட்களில் அவளைத் திட்டுவாரே, அதே குரல்.

சின்னவள் பெட்டியை மூடிவிட்டு, அந்த முஷ்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். நினைவு சரியாக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பார்க்க டாக்டர்தான் இல்லை.

மேற்படியார் போனார். நீதிபதி வந்து, ஊர் ஒரு சிறந்த நடையாளரை இழந்துவிட்டது என்று பேசினார். அது ஒரு புதன்கிழமை.

நாலாம் மாதம், மாடி வீட்டை வாங்க அண்ணன் ஆள் பார்த்துவிட்டான். முறைப்படி மூன்று பங்கு, யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்றான். பத்திரத்தை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, “ஏன், நம்ம சின்னவளே அடிச்சுடுவாளே, வெளியில எதுக்கு?” என்றாள் அக்கா. பாசமாகத்தான் சொன்னாள்.

சின்னவளே அடித்தாள். பதினாலு படியும், அம்மா துணிக்கொடி கட்டிய மொட்டை மாடியும், தண்ணீர்த் தொட்டியும் ‘மேற்படி கட்டடமும் அதில் அடங்கியவையும்’ ஆயின. ‘எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி முழு மனதுடன்’ என்ற வரி எல்லாப் பத்திரத்திலும் வருவது, அதுவும் வந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனும் அக்காவும் வாங்குகிறவரோடு டீ குடிக்க வெளியே போனார்கள். அவள் வாசலில் நின்று, “அண்ணே” என்று கூப்பிட்டாள்.

டீக்கடைக்காரர் கை வேலையாக இருந்தார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் அதை மட்டும் திருத்தி, மூன்று பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கியிருந்தாள். அந்தத் தாளில் பிரிண்டரின் சூடு இன்னும் ஆறவில்லை. அதைத் தொட்ட இஸ்திரிக்காரர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“என்னண்ணே?”

அவர் வந்த ஆட்களுக்குப் போடும் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“அந்தத் தாளும் இப்படித்தான் பாப்பா சூடா இருந்துச்சு.”

“எந்தத் தாள்?”

“ஐயாவோட உயிலு. திங்கக்கிழமை சாயங்காலம், நீ பிஸ்கட் வாங்கப் போயிருந்தே. பையில மடங்கி மடிப்பு விழுந்துடுச்சு, நீதிபதி முன்னாடி இப்படியே வைக்க முடியாது, லேசா ஒரு தேய் தேய்ச்சுக் குடுன்னு எடுத்துட்டு வந்தாரு. மேல துணி போட்டு, மூணு பக்கமும் தேய்ச்சேன். நான் எதையும் படிக்க மாட்டேன்ல? அன்னைக்குப் படிச்சேன். கையெழுத்து இடம் காலியா இருந்துச்சு. சாட்சி ஒண்ணு, சாட்சி ரெண்டுன்னு கோடு போட்டிருந்துச்சு. காதுல பேனா இருந்துச்சு. டீக்கடைக்காரன் பக்கத்துலயே கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தான். ஐயா அதோ, அங்க, பெட்டி பக்கத்துல நின்னாரு.”

அவள் தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

“‘போட்டுடுங்கய்யா, நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்ல’ன்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனியில இருந்துச்சு. ஆனா அன்னைக்கு அவரு சொன்னது... இஸ்திரிக்காரனையான்னு... அவராக் கேக்கட்டுமேன்னு நின்னேன். அவரும் என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பாத்தாரு. ஏதோ கேக்கப் போறாருன்னுதான் நினைச்சேன். ‘மடிப்பு போயிடுச்சா?’ன்னாரு. ‘போயிடுச்சுய்யா’ன்னு குடுத்துட்டேன்.”

வெளியே அண்ணன், முடிந்ததா என்று கேட்பதுபோல அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சின்னவள் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னாள்.

“நானும் கேக்கலண்ணே” என்றாள். “பதினேழு தடவை அடிச்சேன். ஒரு தடவைகூடக் கேக்கல.”

இஸ்திரிக்காரர் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அதை அவர் பக்கமாக நகர்த்தி, ‘சாட்சி ஒன்று’ என்ற கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள், அப்பா காட்டுவது போலவே.

“போடுங்கண்ணே. ஆறிடப் போகுது.”

அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார்.